வளாகத்தில் வண்டி நெரிசலா? இந்தத் தவறுகளை முதலில் நிறுத்துங்கள்

காலை 8.50. நூலகத்துக்குப் பக்கத்து பார்க்கிங். கையில் சாவியோடு ஒருவர் நடந்து வருகிறார். இடம் காலியாகப் போகிறது என்று நம்பி அவர் பின்னாலேயே ஒரு கார் ஊர்கிறது. அவரோ டிக்கியைத் திறந்து, மறந்துவிட்ட பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார். அதற்குள் பின்னால் நான்கு கார்கள். அதே நேரத்தில் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் பார்க்கிங்கில் பாதி காலி.

இதைப் பார்த்துவிட்டு ‘இடம் போதவில்லை, இன்னொன்று கட்டுவோம்’ என்று முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. ஒரு கார் நிற்கவும் உள்ளே வந்து திரும்பவும் சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். அத்தனை இடம் பெரும்பாலும் ஒரே ஒரு ஆளுக்காக! புதிதாகக் கட்டினால், இதுவரை பஸ்ஸில் வந்தவர்களிலும் சிலர் காரை எடுப்பார்கள். நுழைவாயிலும் உள்சாலையும் மட்டும் அதே அகலத்தில் இருக்கும்.

எல்லா இடத்துக்கும் ஒரே கட்டணம் வைப்பது அடுத்த தவறு. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எந்த நேரமும் சுமார் 15 சதவீத இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை அமைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. அதாவது கட்டடத்தை ஒட்டிய இடத்துக்குக் கூடுதல், தள்ளி இருப்பதற்குக் குறைவு. அப்போது இடம் தேடிச் சுற்றுவது பெருமளவு குறையும்.

வருட பாஸும் இப்படித்தான். மொத்தமாகப் பணம் கட்டியவர், ‘கட்டியாச்சு, எதற்கு விடுவது’ என்று தினமும் வண்டியை எடுக்கத்தான் செய்வார். நாள் கணக்கில் வாங்கினால், வண்டியை வீட்டில் விட்டு வரும் நாளில் காசு மிச்சம். வாரத்துக்கு ஒரு நாள் அப்படி வந்தாலே பெரிய வித்தியாசம்.

சரி, கட்டணத்தை மட்டும் ஏற்றிவிட்டு மாற்று வழி தராமல் விடலாமா? கூடாது. அது தொலைவில் குடியிருக்கும் மாணவர்களையும், ஷிப்டில் வேலை செய்யும் பணியாளர்களையும்தான் முதலில் அடிக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991இல் பார்க்கிங் கட்டணத்தை உயர்த்தியபோது கூடவே யு-பாஸ் என்ற பஸ் பாஸையும் கொண்டுவந்தது. தனியாகக் கார் ஓட்டி வருபவர்கள் குறைந்தார்கள். வளாகத்துக்குள் ஓடும் பஸ்ஸுக்கும் ஒரு வார்த்தை: அரை மணிக்கு ஒன்றுதான் என்றால் அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், பலரும் கவனிக்காத இடம் நுழைவாயில். அடையாள அட்டையைப் பார்க்க வண்டிக்கு 10 வினாடி என்று வையுங்கள். ஒரு வரிசையில் அரை மணி நேரத்துக்கு 180 வண்டிகள்தான் உள்ளே போகும். ஒன்பது மணி வகுப்புக்கு 300 வண்டிகள் வந்தால், மணி அடிக்கும்போது 120 வண்டிகள் வெளிச்சாலையில் நிற்கும். உள்ளே எத்தனை இடம் இருந்தும் பயனில்லை. சோதனையை உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது வரிசையைக் கூட்டுங்கள். அதைவிட எளிது, எல்லாத் துறைக்கும் ஒன்பது மணிக்கே முதல் வகுப்பு வைக்காமல், சிலவற்றை 9.30க்கு மாற்றுவது. இதற்குச் செலவே இல்லை.

எதைச் செய்யும் முன்பும் எண்ணிப் பாருங்கள். கொடுத்த பாஸ்களை அல்ல, நிற்கும் வண்டிகளை. ஒரு வாரம், மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு பார்க்கிங்கிலும். மைதானத்துக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து.