கட்டட வேலைக்கு பயோடேட்டா: கம்பி ஃபோர்மேன் வேலைக்கு நான் எழுதிய விதம்

ஒன்பது வருடம் பெங்களூரில் கம்பி கட்டினேன். சர்ஜாபுர் ரோடு, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று மேஸ்திரி கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தவனுக்கு பயோடேட்டா தேவைப்படவே இல்லை. ஃபோர்மேன் வேலைக்கு முயன்றபோதுதான் கேட்டார்கள். பிரவுசிங் சென்டரில் அடித்து வாங்கிய தாளை மூன்று கம்பெனிக்கு அனுப்பினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நானே உட்கார்ந்து மாற்றி எழுதிய பிறகு இரண்டாவது வாரமே இன்டர்வியூ வந்தது.

முதலில் வேண்டாததை எடுங்கள். அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, கடைசியில் வரும் உறுதிமொழி எதுவும் வேண்டாம். ஆதார் எண்ணைப் போடவே கூடாது; இந்தத் தாள் வாட்ஸ்அப்பில் யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. மேலே பெயர், போன் நம்பர், இப்போது தங்கியிருக்கும் ஏரியா. அதன் கீழே ஒரே வரியில் உங்கள் தொழில். ‘எந்த வேலையும் செய்வேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

அடுத்தது வேலை அனுபவம். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ‘கம்பி வேலையில் 9 வருட அனுபவம்’ என்று ஒரே வரி எழுதியிருந்தேன். தெரிந்த சைட் இன்ஜினியர் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ராஃப்ட் கட்டினவரும் 9 வருஷம்னு எழுதுறார், ரிங் மட்டும் வளைச்சவரும் 9 வருஷம்னு எழுதுறார். நான் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?” (ராஃப்ட் என்பது கட்டடத்தின் அடியில் முழுதும் போடும் கான்கிரீட் அஸ்திவாரம்; ரிங் என்பது தூண், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்.)

அன்று ராத்திரி போன் கேலரியைத் திறந்து பழைய சைட் போட்டோக்களைத் தேதிவாரியாகப் பார்த்தேன். எந்த மாதம் எந்த சைட் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. விட்டுப்போனதை மேஸ்திரியின் சம்பள நோட்டைப் பார்த்து நிரப்பினேன். ஒரு சைட்டுக்கு நான் எழுதியது இப்படி:

“ஒயிட்ஃபீல்டு, 2 பேஸ்மென்ட், 14 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. மார்ச் 2021 முதல் நவம்பர் 2022 வரை. ராஃப்ட், காலம் (தூண்), ஷியர் வால் (கான்கிரீட் சுவர்), ஸ்லாப் (தளம்). 8 முதல் 32 மி.மீ. வரை கம்பி. 12 பேர் கேங். பிபிஎஸ் (கம்பி வெட்டி வளைக்கும் அளவுப் பட்டியல்) பார்த்து வெட்டும் அளவு கொடுத்தேன்.”

இப்படி மூன்று நான்கு சைட் போதும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போதும் வரிகள் சின்னதாகவே இருக்கட்டும். எத்தனை டன் கட்டினீர்கள் என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. கணக்கு நமக்குத் தெரிந்ததுதான்: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒன்று 19 கிலோ. ஆனால் செய்யாததை எழுதாதீர்கள். இன்டர்வியூவில் டிராயிங்கைக் கையில் கொடுத்து, தூணில் லேப் (ஒரு கம்பி மேல் இன்னொன்றை ஏற்றிக் கட்டும் இணைப்பு) எங்கே வரும் என்று என்னிடம் கேட்டார்கள்.

மொழிகளையும் எழுதுங்கள். பீகார், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகள் இருக்கும் கேங்கை நடத்த இந்தி வேண்டும். கன்னடமும் இந்தியும் பேசத் தெரிந்தால் அது ஃபோர்மேனுக்குப் பெரிய தகுதி.

எதில் அடிப்பது? போனிலேயே கூகுள் டாக்ஸ் போதும். கேன்வாவில் வரும் கலர் டிசைன்கள் எனக்குப் பிடிக்கவில்லை. சைட் ஆபீஸில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் பாதி எழுத்து தெரியாது. ஒரே பக்கம், பிடிஎஃப், ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் தொழிலும். தாளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த வெல்டர் தம்பி ஒருவர், தன் வேலையில் டன் கணக்கு கிடையாதே, என்ன எழுதுவது என்று கேட்டிருந்தார். நீங்கள் எந்த பொசிஷனில் டெஸ்ட் பாஸ் செய்தீர்கள் என்று எழுதுங்கள்: 3ஜியா (நிமிர்த்தி வைத்த பிளேட்), 6ஜியா (சாய்த்து வைத்த பைப்)? ஆர்க் வெல்டிங்கா, டிக் (TIG) வெல்டிங்கா? பைப்பா, பிளேட்டா? எலக்ட்ரீஷியன் என்றால் வயர்மேன் பர்மிட் இருப்பதை மேலேயே போடுங்கள். ஐடிஐ படிக்காதவர்கள் ஆர்பிஎல் (ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துத் தரும்) சான்றிதழ் வாங்கியிருந்தால் அதையும் சேர்க்கலாம்.

இன்னொருவர், சைட்டில் வேலை செய்ததற்கு ஆதாரமே இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் லேபர் கார்டு எடுக்கக் கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்த சான்று கேட்பார்கள். அதை வாங்கும்போதே சைட் பெயர், தேதி, உங்கள் வேலை மூன்றும் அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரு நகல் எடுத்து வையுங்கள். சைட் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். இன்ஜினியர் வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டால் ஒரு கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.