பாக்டீரியாவுக்கு எப்படி இரட்டைப் பிரதி?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவின் மரபணு வரிசையைச் சேலத்தில் எங்கள் ஆய்வகத்தில் அலசிக்கொண்டிருந்தோம். கையில் இருந்தது எல்லாம் அடங்கிய ஒரே மென்பொருள். கோப்பைக் கொடுத்தால் தரச் சோதனை முதல் மாறுபாட்டுப் பட்டியல் (ஒப்பீட்டு வரிசையிலிருந்து எங்கெங்கே எழுத்து மாறுகிறது என்பது) வரை அதுவே முடித்துவிடும். வசதிதான். ஆனால் பட்டியலில் பல இடங்களில் 0/1 என்று வந்தது. அதாவது ஒரு பிரதியில் ஓர் எழுத்து, மறு பிரதியில் வேறு எழுத்து. மனிதருக்குச் சரி, பாக்டீரியாவுக்குக் குரோமோசோம் பொதுவாக ஒரே பிரதிதானே!

அந்த மென்பொருளில் பிரதி எண்ணிக்கையை மாற்ற வழியே இல்லை. அதனால் தனித்தனிக் கருவிகளுக்கு மாறினேன்: தரம் பார்க்க ஃபாஸ்ட்க்யூசி, வரிசைத் துண்டுகளை ஒப்பீட்டு வரிசையில் பொருத்த பிடபிள்யூஏ, அடுக்க சாம்டூல்ஸ், மாறுபாடு காண ஃப்ரீபேஸ். ஃப்ரீபேஸும் தானாக 2 பிரதி என்றே கணக்கிடும். ஆனால் பிளாய்டி (பிரதி எண்ணிக்கை) 1 என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும். சொன்னேன், 0/1 போய்விட்டது.

அப்புறம் 0/1 வந்த அந்த இடங்களை, துண்டுகள் பொருந்திய விதத்தைக் கண்ணால் காட்டும் ஐஜிவி மென்பொருளில் திறந்து பார்த்தேன். இதைத் தவறாமல் செய்யுங்கள். பெரும்பாலும் ரைபோசோம் ஆர்.என்.ஏ மரபணுப் பகுதிகள். ஒன்றுபோல் இருக்கும் பல மரபணுக்களின் துண்டுகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன; அதனால்தான் இரண்டு எழுத்து இருப்பதுபோல் தெரிந்தது. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

தரம் மட்டும் பார்க்க மாணவர்கள் இன்னும் பழைய மென்பொருளைத்தான் திறக்கிறார்கள். அதற்கு அது போதும்.