மெஷின் வைத்திருப்பவர் வயதுபோன காலத்துக்குக் காசு சேர்ப்பது எப்படி

கனடாவில் இருக்கிற மச்சான் ஒருவர் வந்து கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ஒரு கிழமை நின்றார். அவருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் பங்கில் ஒரு செஸ்னா 172 இருக்கிறது, நாலு பேர் இருக்கக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம். சொந்த பிளேன் வைத்திருக்கிற ஆளிடம் காசு கொட்டிக் கிடக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். மனுசன் என்னுடைய நெல் வெட்டு மெஷினில் ஏறி இருந்து கேட்ட முதல் கேள்வி, "மணித்தியாலத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கிறாய்?" ஏக்கருக்கு எவ்வளவு வாங்குகிறேன் என்று சொன்னேன். "நான் அதைக் கேட்கேல்லை" என்றார்.

பிறகு விளங்கப்படுத்தினார். அவர்களுடைய எஞ்சின் லைகோமிங் கொம்பனியுடையது. 2000 மணித்தியாலம் ஓடினால், அல்லது 12 வருடம் போனால், எது முதல் வருகிறதோ அப்போது முழுதாகக் கழற்றிச் செய்யச் சொல்லி கொம்பனியே சொல்கிறது. அந்த வேலைக்கு 30,000 டொலர் போகும் என்று வைத்தால், ஒரு மணித்தியாலம் பறந்தாலே 15 டொலர் எஞ்சினுக்குக் கடன். பெற்றோல் காசு கட்டுகிற மாதிரி அதையும் அன்றைக்கே பொதுக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். பறக்காவிட்டாலும் விடாமல் வருகிற செலவு வேறு இருக்கிறது: நிறுத்துகிற கொட்டகை வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை. ஓய்வுகாலக் காசு இது இரண்டோடும் சேராமல் மூன்றாவது இடத்தில் கிடக்கிறது. "எஞ்சின் வெடிச்சாலும் அதைத் தொடமாட்டன், பிளேனை விப்பன்" என்றார்.

வன்னியில் பிளேன் வைத்திருக்கிற ஆள் யாரும் எனக்குத் தெரிய இல்லை. ஆனால் பெரிய உழவு மெஷினும் வெட்டு மெஷினும் அதே சாமான்தான். வாங்கும்போது விலை, நிற்கும்போது தவணைக்காசு, ஓடும்போது தேய்மானம். 2009இல் போர் முடிந்த பிறகு வெறுங்கையோடு வந்து திரும்பத் தொடங்கிய ஊரில் முற்றத்தில் ஒரு மெஷின் நின்றால் அதுவே சேமிப்பு, அதுவே ஓய்வூதியம், அதுவே மகளின் சீதனம் என்று நினைத்துவிட்டோம். நானும் லீசிங்கில் எடுத்து, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, இனிப் பிரச்சினை இல்லை என்று இருந்தவன்தான். மூன்றாவது காலபோகத்தில், அதாவது மாரி நெற்போகத்தில், ஈரம் காயாத வயலில், மெஷின் உருளுகிற றப்பர் செயின் அறுந்தது. வெட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், கையில் காசில்லை. மனுசியின் காப்பு அடகுக்குப் போனது. போன வருடம் முழுக்க நான் உழைத்தது என்று நினைத்துச் செலவழித்ததில் ஒரு பங்கு அந்தச் செயினுடைய காசு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை, மெஷின் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டுகிற மணி மீற்றரைப் பாருங்கள். பழுதாகி நின்றுபோயிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஒரு சின்னக் கொப்பி எடுத்து போகம் தொடங்கும்போது என்ன மணி, முடியும்போது என்ன மணி என்று எழுதுங்கள். என்னுடையது சீற்றுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் ரின்னில் கிடக்கிறது, கிறீஸ் விரல் பட்டுப் பாதிப் பக்கம் கறுப்பு. பிறகு தேய்கிற சாமான்களை ஒவ்வொன்றாக எடுங்கள்: செயின், பெல்ட், பிளேடு, பெயாரிங், கடைசியாக எஞ்சின். போன தடவை எத்தனை மணிக்கு மாற்றினீர்கள், இப்போது கடையில் என்ன விலை. ஒரு கணக்குக்கு, 5 இலட்சம் ரூபா சாமான் 1000 மணி தாங்கும் என்றால் மணிக்கு 500 ரூபா. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வருகிற தொகை வயிற்றைக் கலக்கும். கலக்கட்டும், அந்தக் காசு உங்களுடையதில்லை. விலையை வருடா வருடம் திருத்தவும் வேண்டும். 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த டீசல் அந்த ஜூனிலேயே 460 ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள், உதிரிப்பாகமும் டொலரோடு ஏறுகிற சாமான்தான்.

தவணைக்காசு வேறு கதை. அது மெஷின் ஓடுகிறதா, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மாதம் மாதம் வரும். எங்களுக்கோ காசு வருடத்தில் இரண்டு தரம், மழை பொய்த்தால் ஒரு தரம். லீசிங் எடுக்க முன்னம், போகத்துக்கு ஒருதரம் கட்டுகிற மாதிரி ஒழுங்கு செய்யலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வெட்டு முடிந்த கையோடு ஆறு மாதத் தவணையை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். நான் இரண்டு தவணை பிந்தி, ஆட்கள் மெஷினைத் தூக்க வந்து படலையில் நின்ற நாள் இருக்கிறது. அந்தக் கொம்பனியின் பெயர் வேண்டாம். பிழை என்னுடையதும்தான்.

இனி எல்லாருக்கும் நோகிற இடம், கடன் கொப்பி. "நெல்லு வித்திட்டுத் தாறன் தம்பி" என்று சொன்னால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, பாதிப் பேர் சொந்தக்காரர், மீதிப் பேர் கோயிலில் தினமும் முகம் பார்க்கிறவர்கள். ஆனால் நெல் விலை விழுந்த வருடம் அவருக்கும் நட்டம், எனக்கும் நட்டம், டீசல்காரன் மட்டும் கைக்காசு வாங்கிக்கொண்டான். இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டீசலும் றைவர் சம்பளமும் வரம்பில் வைத்தே தந்துவிட வேண்டும், என்னுடைய பங்குக்கு மட்டும் தவணை தருவேன், வேண்டுமானால் நெல்லாகவும் எடுப்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு மெஷின் பிடித்தார்கள். அடுத்த போகம் அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

சரி, இவ்வளவும் போக மிஞ்சுகிற காசுதான் உங்களுடையது. அதில் ஒரு பங்கைத்தான் வயதுபோன காலத்துக்கு எடுக்கிறோம். மாதச் சம்பளக்காரனுக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது: சம்பளத்தில் அவனிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடமிருந்து இன்னும் 3 வீதம். எங்களுக்கு முதலாளி இல்லை, ஆகவே ஒருவரும் கட்டப்போவதில்லை. (உங்கள் றைவருக்கு முதலாளி நீங்கள்தான் என்பதையும் இந்த இடத்தில் யோசியுங்கள். நான் பல வருடம் யோசிக்கவில்லை.) விவசாயிகளுக்கென்று 1987இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 1996 சட்டத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சபை சொந்தத் தொழில் செய்பவர்களைச் சேர்க்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். சேருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாது.

மிச்சக் காசுக்கு எனக்குப் பிடித்தது திறைசேரி உண்டியல். அரசாங்கம் காசு கடன் வாங்குகிற பத்திரம், 91, 182, 364 நாள் என்று மூன்று கால அளவில் வருகிறது. மார்ச்சில் காலபோக வெட்டுக் காசு வந்ததும் 182 நாளுக்குப் போட்டால், செப்ரெம்பரில் அடுத்த காலபோக உழவு தொடங்கும் நேரம் கைக்கு வரும். அந்த உழவுக்கு டீசலும் சாமானும் வாங்கத் தேவையான காசை அதில் போடலாம். 364 நாள் போட்டால் அடுத்த வெட்டோடு முடியும், அதைத் திரும்பத் திரும்பப் போட்டு வயதுபோன காலத்துக்கு விடலாம். நிலையான வைப்பும் நல்லதுதான். ஒரு வங்கி விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஓர் ஆளுக்கு 11 இலட்சம் வரைக்கும்தான், ஆகவே அதற்கு மேல் இருந்தால் இரண்டு இடத்தில் போடுங்கள். ஊரில் எவரும் கேள்விப்படாத இடம் எல்லாரையும்விடக் கூட வட்டி தருகிறது என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.

வருடம் ஒரு இலட்சம், 8 வீத வட்டியோடு, 20 வருடம் விடாமல் போட்டால் ஏறக்குறைய 45 இலட்சம். பத்து வருடம் பிந்தித் தொடங்கினால் 14 இலட்சத்துச் சொச்சம். 45 இலட்சம் என்று வாயைப் பிளக்கவும் வேண்டாம், 2022இல் விலைவாசி ஒரே வருடத்தில் 70 வீதம் ஏறிய நாடு இது. அதனால்தான் நான் கொஞ்சத்தைத் தங்கப் பவுணாகவும் வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு ஓடக்கூடிய சொத்து என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் செய்கூலி ஏறிய நகையை விட நாணயமாக வாங்குங்கள், அதோடு மெஷினுக்காக அடகு வைக்கிற பழக்கத்தை விடுங்கள். காணி வாங்குபவர்கள் அது சொந்த உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிற் காணியா என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிற் காணியை நினைத்தபடி விற்க முடியாது, ஆஸ்பத்திரிச் செலவு வருகிற நாளில் அது காசாகாது.

கடைசி விஷயம், மெஷினை எப்போது விற்பது. எல்லாரும் ஓடாத நிலைக்கு வந்த பிறகுதான் விற்கிறோம், அப்போது இரும்பு விலைதான் கிடைக்கும். எஞ்சின் ஒழுங்காக இருக்கிறபோது, வெட்டுத் தொடங்க ஒரு மாதம் முன்னம், வாங்க ஆட்கள் தேடித் திரிகிற நேரத்தில் கொடுங்கள். எனக்கு இப்போது 54 வயது. நாரி ஒரு நாள் வெட்டுக்கு இரண்டு நாள் நோகிறது. போன போகம் முடிந்த இரவு பிஸ்கட் ரின்னைத் திறந்து மணியை எழுதிவிட்டு, மகனிடம் மெஷினை எடுக்கிறாயா என்று கேட்டேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செயின் காசு கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டான்.