கீவாவில் 25 டாலர் கடன் கொடுப்பது எப்படி?

2005இல் அமெரிக்காவில் தொடங்கிய கீவா (Kiva) என்ற கடன் உதவி இணையதளத்தில் கணக்குத் திறந்து, கென்யாவில் தையல் மெஷின் வாங்க நினைக்கும் ஒருவருக்கோ பெருவில் காய்கறி விற்பவருக்கோ 25 டாலரிலிருந்து கடன் கொடுக்கலாம். படத்தையும் கதையையும் பார்த்து உடனே அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பக்கத்திலேயே கீழே இறங்கி, அந்த ஊரில் பணத்தைக் கையாளும் கூட்டாளி நிறுவனத்தைப் பற்றிப் படியுங்கள்: நமக்கு வட்டி கிடையாது, ஆனால் கடன் வாங்குபவரிடம் இந்த நிறுவனங்களில் பல வட்டி வாங்குகின்றன, அது எவ்வளவு என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அப்புறம் தவணைக் காலம், வராக்கடன் விகிதம். பணம் கட்டும்போது கீவாவுக்கென்று ஒரு நன்கொடை சேர்ந்திருக்கும், வேண்டாமென்றால் பூஜ்யமாக்கலாம். கொடுத்த கடன் திரும்பி வராமலும் போகலாம், அதனால் அவசரத்துக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். தவணை வரவர அடுத்தவருக்குக் கொடுங்கள்.