சண்டைக்கு நடுவே ஒளிவது எப்படி: டி அண்ட் டி 5-ஆம் பதிப்புக்கு ஒரு செய்முறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற மேசைக் கதாபாத்திர விளையாட்டை ஆடத் தொடங்குபவர்கள் மேசையில் அதிகம் வாதாடுவது இந்த விதியைப் பற்றித்தான். "நான் ஒளிஞ்சுட்டேன்" என்பார் ரோக் (பதுங்கித் தாக்கும் திருடன் வகைப் பாத்திரம்) ஆடுபவர். "கோப்ளின் உன்னையேதான் பாத்துக்கிட்டு நிக்குது" என்பார் டிஎம், அதாவது கோப்ளின் போன்ற குட்டி அரக்கர்களை இயக்கி ஆட்டத்தை நடத்துபவர்.

ஒளிந்திருக்கிறீர்கள் என்றால் எதிரிக்கு இரண்டு விஷயங்கள் தெரியக்கூடாது: உங்கள் உருவம், நீங்கள் நிற்கும் இடம். உருவம் மறைந்தால் மட்டும் போதாது. இன்விசிபிலிட்டி மந்திரம் போட்டவரைக்கூட, காலடிச் சத்தத்தையோ தடத்தையோ வைத்து "அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்" என்று எதிரி கண்டுகொள்ளலாம். அவரும் தனியாக ஹைட் (ஒளியும் செயல்) செய்தாக வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் வெறும் கணக்கு.

முதலில் 2014-இல் வெளியான விதிகள். 2024-இல் வந்த திருத்தத்தில் மாறியது கடைசியில்.

படி 1: எண்களை முன்பே எழுதி வையுங்கள்

இது டிஎம்மின் வேலை. சண்டை தொடங்கும் முன் ஒவ்வொரு எதிரியின் பாசிவ் பெர்செப்ஷனையும் (தேடாமலே கவனிக்கும் திறன்) ஒரு துண்டுத் தாளில் குறியுங்கள். 10 + விஸ்டம் மாடிஃபயர் (விஸ்டம் திறன் தரும் கூட்டல் அல்லது கழித்தல்), பெர்செப்ஷனில் தேர்ச்சி இருந்தால் அந்த போனஸும் சேரும். அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருந்தால் 5 கூட்டி, டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது) இருந்தால் 5 கழியுங்கள். கோப்ளினுக்கு 9. ஓநாய்க்கு 13; ஆனால் காதும் மூக்கும் கூர்மை என்பதால் சத்தத்திலும் வாசனையிலும் அது 18.

படி 2: மறைவு இருக்கிறதா என்று பாருங்கள்

உங்களைத் தெளிவாகப் பார்க்கும் எதிரியிடமிருந்து ஒளிய முடியாது. எனவே பகடையைத் தொடும் முன், முழு உடலையும் மறைக்கும் தூண், மூடிய கதவு, அடர்ந்த மூடுபனி போன்ற ஏதாவது இருக்க வேண்டும். வெட்டவெளியில் நின்று 25 உருட்டினாலும் பயனில்லை.

புதியவர்கள் ஏமாறுவது இருட்டில். முழு இருட்டு நல்ல மறைவுதான், ஆனால் மனிதக் காவலாளிகளுக்கு எதிராக மட்டும். கோப்ளினுக்கும் ஆர்க்குக்கும் 60 அடி வரை டார்க்விஷன் (இருட்டிலும் காணும் பார்வை) உண்டு. முழு இருட்டு அவற்றுக்கு மங்கலான வெளிச்சம் மாதிரி. அவற்றின் பாசிவ் 5 குறையும் என்பது உண்மை. ஆனால் மங்கலான வெளிச்சம் மட்டும் ஒளிவதற்குப் போதுமான மறைவு அல்ல.

சில இனப் பாத்திரங்களுக்கு விலக்கு உண்டு. லைட்ஃபுட் ஹாஃப்லிங், தன்னைவிடப் பெரிய தோழனின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளியலாம். வுட் எல்ஃபுக்கு இலைதழையோ கனமழையோ பனியோ போதும்.

படி 3: உருட்டுங்கள்

டெக்ஸ்டெரிட்டி (ஸ்டெல்த்) செக்: டி20 என்ற இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு உங்கள் ஒளியும் திறனைக் கூட்டுவது. 3-ஆம் லெவல் ரோக், டெக்ஸ்டெரிட்டி 16, ஸ்டெல்த்தில் எக்ஸ்பர்டீஸ் (இரட்டைத் தேர்ச்சி போனஸ்) என்றால் மொத்தம் +7. கோப்ளினின் 9-ஐத் தாண்ட டி20-இல் 3 விழுந்தால் போதும்: 90 சதவீத வாய்ப்பு. உங்களை மோப்பம் பிடிக்கக்கூடிய ஓநாய் என்றால் 12 விழ வேண்டும்: 45 சதவீதம். ஒரே உருட்டில் கோப்ளினுக்கு மறைந்து ஓநாயிடம் மாட்டிக்கொள்வதும் நடக்கும். ஒவ்வொரு எதிரியோடும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். வந்த எண்ணை அழிக்காதீர்கள், படி 5-இல் தேவைப்படும்.

செயின் மெயில் கவசமோ பிளேட் கவசமோ அணிந்தவருக்கு இந்த உருட்டில் டிஸ்அட்வான்டேஜ்.

படி 4: முதலில் அடி, பிறகு ஒளி

ஒளிந்திருந்து அடித்தால் அட்வான்டேஜ் கிடைக்கும். அடி பட்டாலும் தவறினாலும் உங்கள் இடம் அம்பலமாகிவிடும். அதனால் வரிசை முக்கியம். ஒவ்வொருவர் முறையிலும் ஒரு முக்கியச் செயல் (ஆக்‌ஷன்) உண்டு; சில திறன்கள் கூடுதலாக ஒரு சிறு செயலை (போனஸ் ஆக்‌ஷன்) தரும். 2-ஆம் லெவலில் ரோக்குக்குக் கிடைக்கும் கன்னிங் ஆக்‌ஷனால் போனஸ் ஆக்‌ஷனிலேயே ஹைட் செய்யலாம். ஆக்‌ஷனில் அம்பு விடுங்கள், தூணுக்குப் பின்னால் நகருங்கள், போனஸ் ஆக்‌ஷனில் ஒளியுங்கள். எதிரிகளின் முறை முழுக்க நீங்கள் மறைந்திருப்பீர்கள். அடுத்த முறை அட்வான்டேஜோடு தொடங்கும். ஒளிந்துவிட்டு அடித்தாலும் அட்வான்டேஜ் கிடைக்கும், ஆனால் முறை முடியும்போது எல்லார் கண்ணிலும் படுவீர்கள்.

இன்னொன்று: ஸ்னீக் அட்டாக்குக்கு (ரோக்கின் கூடுதல் சேதத் தாக்குதல்) ஒளிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. டிஸ்அட்வான்டேஜ் இல்லாமல், உங்கள் தோழரான ஃபைட்டர் அந்த எதிரியிடமிருந்து 5 அடிக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் அதுவே போதும். அப்போது ஹைட் தருவது கூடுதல் துல்லியமும் பாதுகாப்பும்தான்.

ரோக் அல்லாதவர்களுக்கு ஹைட் ஒரு முழு ஆக்‌ஷனைத் தின்னும். கணக்குப் பாருங்கள்: +5 அட்டாக் போனஸ், கோப்ளினின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, எனவே ஒரு அடி படும் வாய்ப்பு 55 சதவீதம். இரண்டு முறை நேராக அடித்தால் சராசரியாக 1.1 அடி படும். ஒரு முறை ஒளிந்து அடுத்த முறை அட்வான்டேஜோடு அடித்தால் சுமார் 0.8 தான். அடிப்பதற்காக ஒளிவது இவர்களுக்கு நஷ்டம். உயிர் தப்ப என்றால் தாராளமாக ஒளியலாம்.

படி 5: எதிரியும் சும்மா நிற்கமாட்டான்

டிஎம்கள் கோட்டைவிடுவது இங்கே. ரோக் தூணுக்குப் பின்னால் ஓடியதை கோப்ளின் பார்த்தது; அது மறந்துபோகாது. அதற்கு மூன்று வழிகள்.

தூணைச் சுற்றி நடந்து வரலாம். மறைவு போய்விட்டால் ஒளிவும் போயிற்று, உருட்டத் தேவையில்லை.

ஆக்‌ஷனைச் செலவழித்துத் தேடலாம். பெர்செப்ஷன் உருட்டி, குறித்துவைத்த ஸ்டெல்த் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஊகித்து ஒரு கட்டத்தைத் தாக்கலாம். கட்டம் சரியென்றால் டிஸ்அட்வான்டேஜோடு உருட்டும். தவறென்றால் அடி வீண். ஃபயர்பால் மந்திரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. 20 அடி ஆரத்துக்குள் சிக்கியவர் ஒளிந்திருந்தாலும் வேகும்.

ரோக் ஒவ்வொரு முறையும் அதே தூணிலிருந்து எட்டிப் பார்த்து அடிக்கலாமா என்பதை 2014 விதிகள் டிஎம்மிடமே விட்டுவிடுகின்றன. அனுமதிப்பது நல்லது, அந்த வகுப்பின் பலமே அதுதான். வேண்டுமானால் ஒரு கோப்ளினைத் தூண் பக்கம் அனுப்புங்கள். விதியால் தடுப்பதைவிட அது சுவாரசியம்.

2024 விதிகளில்

இங்கே டிஎம்மின் தீர்ப்புக்கு வேலை குறைவு. அடர்ந்த மறைப்பிலோ, முக்கால் அல்லது முழு கவரின் (உடலை மறைக்கும் தடுப்பின்) பின்னோ, எந்த எதிரியின் பார்வைக் கோட்டிலும் படாமல் இருக்க வேண்டும். உருட்டு பாசிவோடு மோதாது, டிசி (எட்ட வேண்டிய எண்) 15. நம் +7 ரோக்குக்கு 8 விழ வேண்டும், அதாவது 65 சதவீதம். கோப்ளினுக்கு எதிரே இது முன்பைவிடக் கடினம், ஓநாய்க்கு எதிரே சுலபம். வென்றால் இன்விசிபிள் நிலை கிடைக்கும். உங்களைக் கண்டுபிடிக்க எதிரியின் பெர்செப்ஷன் உங்கள் மொத்த எண்ணை எட்ட வேண்டும். கிசுகிசுப்பைவிட உரக்கப் பேசினாலோ, அட்டாக் உருட்டினாலோ, வாய்விட்டுச் சொல்லும் மந்திரம் போட்டாலோ, எதிரி கண்டுபிடித்தாலோ அந்த நிலை கலையும்.

எந்த ஆண்டு விதி என்பதை முதல் அமர்வுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் 2014, இன்னொருவர் 2024 புத்தகத்தோடு உட்கார்ந்தால் முதல் ஹைட்டிலேயே ஆட்டம் நின்றுவிடும்.