கைத்தையலில் ஒரு ஸ்ட்ரெலிட்சியா: சுவரில் மாட்டும் சிறு குயில்ட்

பூ வேலைப்பாடுள்ள குயில்ட் (துணியும் பஞ்சுமாக அடுக்கித் தைப்பது) என்றதும் பலரும் ரோஜாவை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருந்துகொண்டு ரோஜா எதற்கு? சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் வேலிக்கு வேலி ஸ்ட்ரெலிட்சியா நிற்கிறது. இந்த மண்ணுக்கே உரிய செடி. பழைய 50 சென்ட் நாணயத்தின் பின்புறத்தில் இருப்பதும் இதுதான். கொக்கின் தலையைப் போல் நீண்ட பச்சை மடல், அதிலிருந்து நிமிர்ந்தெழும் ஆரஞ்சுப் புல்லிதழ்கள், நடுவே அம்பு வடிவில் கருநீலம். ஒவ்வொரு பாகமும் தனக்கென ஒரு திசையில் ஓடுகிறது. நூலும் அதே திசையில் ஓடினால் பூ துணியில் எழுந்து நிற்கும். நிறம் சற்று மாறினாலும் பரவாயில்லை, திசை மாறவே கூடாது.

முதலில் துணி. நடுத்துண்டுக்கு வெளுக்காத காடாத் துணி 28×36 செ.மீ. அளவில் வேண்டும். ஓரத்துக்கும் இலைகளுக்கும் நீல ஷ்வெஷ்வே, அதாவது சின்னச் சின்ன அச்சு நிறைந்த தென்னாப்பிரிக்கப் பருத்தித் துணி. நீல ஷ்வெஷ்வேயின் மேலேயே பூவைத் தைக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம், பூவின் நீலத்தை அந்தத் துணி விழுங்கிவிடும். ஆனால் ஸ்ட்ரெலிட்சியாவின் இலையில் ஒரு நீலச் சாம்பல் சாயல் உண்டு. அதற்கு ஷ்வெஷ்வே அப்படியே பொருந்துகிறது.

ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் உள்ள டா காமா ஆலையின் ஷ்வெஷ்வே, கடையில் வாங்கும்போது கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும், அதற்கென்று ஒரு வாசனையும் உண்டு. பின்புறத்தில் ஆலையின் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அந்தக் கஞ்சி போனதும் துணி சுருங்கும், நீலச் சாயமும் கொஞ்சம் இறங்கும். ஆகவே வெட்டுவதற்கு முன் குளிர்ந்த நீரில், நீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். காடாத் துணியையும் நனைத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் என்றாவது ஈரம் பட்ட நாளில் வெள்ளையில் நீலம் பரவும்.

வரைவதற்குப் படத்தைத் தேடாதீர்கள், பூவையே பாருங்கள். வேலியில் இல்லாவிட்டால் டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நடை போய்வரலாம். ஆரஞ்சுப் புல்லிதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மடிப்புக் கோடு ஓடுவதையும், மடலின் மேல்விளிம்பில் செம்மை படர்ந்திருப்பதையும் கவனியுங்கள். தேன்சிட்டு வந்து உட்காருவது அந்த நீல அம்பின் மேல்தான். அதனால் அது விறைப்பாகவே இருக்கும், தொய்வாக வரைந்தால் பொய்யாகத் தெரியும். ஒரே ஒரு பூ, இரண்டு இலைகள் போதும். பென்சிலால் மெலிதாக வரையுங்கள். நீரில் அழியும் பேனாவைப் பயன்படுத்தினால், அதைக் கழுவி நீக்கும்வரை இஸ்திரிப்பெட்டியைக் கிட்டே கொண்டுவராதீர்கள்; சூடு பட்டால் அந்தக் கோடு நிலைத்துவிடும்.

காடாத் துணியின் அடியில் மெல்லிய மல் துணி ஒன்றைச் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் நூல் கனத்தாலும் துணி சுருங்காது. முதலில் இலைகள். ஷ்வெஷ்வேயை 5 மி.மீ. கூடுதலாக வெட்டி, ஓரத்தை ஊசி நுனியால் உள்ளே தள்ளித் தள்ளி, மறைதையலால் ஒட்டவையுங்கள். தண்டுக்குக் காம்புத் தையல்.

இனி பூ. டிஎம்சி நிறுவனத்தின் எம்பிராய்டரி நூலில் நிற எண்கள் இவை: ஆரஞ்சுக்கு 740, 742, நிழல் விழும் இடத்துக்கு 947, நீலத்துக்கு 796, மடலுக்கு 3346, 3347, அதன் விளிம்புக்கு 3721. ஆறு இழைகளில் இரண்டை மட்டும் பிரித்து, ஒரு முழத்துக்கு மேல் நீளாமல் எடுங்கள். நீண்ட நூல் சீக்கிரம் நைந்து பளபளப்பை இழந்துவிடும். புல்லிதழின் ஓரங்களில் பிளவுத் தையல் (முந்தைய தையலின் நூலைப் பிளந்து ஊசி வருவது) போட்டபின், நுனியிலிருந்து தொடங்கி, இரு பக்கமிருந்தும் நடுமடிப்பை நோக்கிச் சாய்வாக, நீளமும் குட்டையும் மாறி மாறி வரும் நெட்டைக்குட்டைத் தையல். ஒரு பக்கம் 740, மறுபக்கம் 742 என்று வைத்தால் மடிப்பு தானாகவே தெரியும். 947 மடலுக்குள் நுழையும் அடிப்பகுதிக்கு மட்டும். நீல அம்புக்கு அதன் நீளவாக்கில், நெருக்கமாக, சாட்டின் தையல். மடலுக்கு அடியிலிருந்து கூர்நுனி வரை சங்கிலித் தையல் வரிகளை ஒட்டி ஒட்டி ஓட்டுங்கள்; பச்சை இரண்டும் மாறி மாறி வரட்டும். விளிம்பின் செம்மைக்கு ஒற்றை இழை போதும், அதற்கு மேல் போனால் கோடாகத் துருத்தும்.

கடற்காற்றின் ஈரம் நிறைந்த ஊர் இது. ஊசியைத் துணியில் குத்தியபடி இரவு முழுக்க விட்டால் துரு இறங்கும். துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையத்தைப் பயன்படுத்தினால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

தையல் முடிந்ததும், கோடுகள் எல்லாம் போய்விட்டன என்று உறுதி செய்துகொண்டு, தடித்த துண்டின் மேல் முகம் கீழாக வைத்துத் தேய்த்து, 22×30 செ.மீ.க்கு வெட்டுங்கள். 6 செ.மீ. அகல ஷ்வெஷ்வே பட்டைகளை, 6 மி.மீ. தையல் விட்டு, முதலில் இரு பக்கங்களிலும் பிறகு மேலும் கீழும் இணையுங்கள். சுமார் 31.6×39.6 செ.மீ. வரும். மெல்லிய பஞ்சு விரிப்பையும் பின்துணியையும் நாற்புறமும் 3 செ.மீ. பெரிதாக வெட்டி, மூன்றையும் அடுக்கி, நடுவிலிருந்து வெளியே நோக்கிப் பெரிய தையல்களால் தற்காலிகமாகப் பிணையுங்கள்.

பூ எழுவது இனிமேல்தான். பூவின் மேல் ஊசி போகவே கூடாது. அதன் ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி, மூன்று அடுக்கும் பிடிக்கும்படி சுற்றிலும் சின்ன ஓட்டுத் தையல் போடுங்கள். சுற்றிலும் துணி அமுங்க, பூ மட்டும் உப்பி மேலே வரும். அடுத்த வரி 1 செ.மீ. தள்ளி, அதே வளைவில். அடுத்ததும் அப்படியே, ஓரப்பட்டை வரை. பழைய சேலைகளை அடுக்கி என் ஆயா தைத்த போர்வைகளிலும் இதே ஓட்டுத் தையல்தான். அதில் அவர் காட்டிய சீரை இயந்திரத்தில் நான் கண்டதில்லை. தையலின் நீளத்தைவிட, எல்லாம் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். ஷ்வெஷ்வே ஓரத்தில் அச்சின் புள்ளிகளையே கோடாகப் பிடித்துப் போகலாம்.

விளிம்பு கட்ட 6 செ.மீ. அகலப் பட்டை, சுமார் 165 செ.மீ. நீளம் தேவை. மரபான ஷ்வெஷ்வேயின் அகலம் 90 செ.மீ. மட்டுமே என்பதால் இரண்டு பட்டைகளைக் குறுக்குவாட்டில் இணைத்து நீளமாக்குங்கள். நீளவாக்கில் இரண்டாக மடித்து முன்பக்கம் தைத்து, பின்னால் திருப்பிக் கையால் எம்மிங் செய்யுங்கள். பின்புறம் மேலே குச்சி நுழைய ஒரு துணிக்குழாயும், உங்கள் பெயரும் ஆண்டும் தைத்த ஒரு துண்டும் இருக்கட்டும். நேர்வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், நீலம் வெளுத்துவிடும். தூசியை மென்தூரிகையால் தட்டினால் போதும். சலவை இயந்திரத்தில் போடவே கூடாது.