டெஸ்ட் மார்க்குக்கும் டாலரன்ஸ் உண்டுங்க

கோவை கணபதியில் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போய், "ஷாஃப்ட் 25 மில்லி" என்று மட்டும் எழுதிய டிராயிங்கை நீட்டிப் பாருங்கள். லேத்தில் நிற்பவர் முதலில் கேட்பது, "டாலரன்ஸ் எவ்வளவுங்க?" கூடக்குறைய எவ்வளவு போகலாம் என்று தெரியாமல் அவர் வேலையை ஆரம்பிக்க மாட்டார். அதே கம்பெனியின் மாடி ஆபீசில், வேலைக்கு வந்த பையனுக்கு அறிவுத்திறன் டெஸ்டில் 108 என்று வந்தால் மட்டும் டாலரன்ஸ் கேட்க ஆளில்லை. ஆள் எடுக்கும் வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. சராசரி 100, திட்ட விலக்கம் (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) 15, நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் அதே மார்க் வரும் உறுதி, 1 என்றால் முழுசு) 0.90 உள்ள டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டெஸ்ட்தான். அப்படியும் அளவீட்டுப் பிழை ஏறக்குறைய 5 வரும். அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை இரு பக்கமும் விட்டுப் பார்த்தால், 108 வாங்கியவரின் நிஜ நிலை 99-லிருந்து 117-க்குள் எங்கேயும் இருக்கலாம். இன்னொருவர் 112. "இவரு நாலு மார்க் கூடுதலுங்க" என்று 112-ஐ எடுத்துவிட்டு 108-ஐ பஸ் ஏற்றி அனுப்பினால், பிழைக்குள்ளேயே அடங்கிப்போகும் வித்தியாசத்தை நம்பிய மாதிரிதான். இருவரும் சமம் என்று வைத்துக்கொண்டு, வேறு எதையாவது பார்த்து முடிவு செய்யுங்கள். கட்-ஆஃபும் அப்படியே. பட்டறையில் துளையின் அளவு சரியா என்று பார்க்கும் கோ-நோகோ கேஜ் துளைக்குள் போகும், அல்லது போகாது. 110 கட்-ஆஃபில் 109 வாங்கியவரை அந்தக் கேஜ் வைத்துத் தள்ள முடியாது.

அடுத்தது பெர்சன்டைல். ஒரு முதலாளி ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அறுபத்தி ரெண்டுதானுங்களா? பர்ஸ்ட் கிளாஸை இப்பத்தான் தாண்டியிருக்குது" என்றார். அது நூற்றுக்கு 62 மார்க் இல்லை. ஒப்பிட்ட கூட்டத்தில் நூறு பேரில் சுமார் 62 பேர் இவருக்குக் கீழே என்று அர்த்தம். சரி, அந்த நூறு பேர் யார்? இதைக் கேட்காமல் 62-க்குப் பொருளே கிடையாது. பெருநகர இன்ஜினியரிங் பட்டதாரிகளோடு ஒப்பிட்டு நம் ஐ.டி.ஐ. ஃபிட்டரை எடை போட்டால், ஆட்டை மாட்டுச்சந்தையில் விலை பேசுகிற கதை. இன்னொன்று, பெர்சன்டைலின் படிகள் ஒரே உயரம் இல்லை. மேலே சொன்ன அளவுகோலில் 50-லிருந்து 60-க்கு வெறும் 4 புள்ளிதான். 90-லிருந்து 98-க்கு 12 புள்ளியைத் தொடும். நடுவில் இருப்பவர்களின் வித்தியாசம் பேப்பரில் ஊதித் தெரியும், உச்சியில் இருப்பவர்களுடையது சுருங்கிவிடும்.

மொழியையும் பாருங்கள். வொண்டர்லிக் என்ற பழைய அமெரிக்க டெஸ்டில் 12 நிமிடத்தில் 50 கேள்வி. அதுபோல ஒன்றை ஆங்கிலத்தில் வைத்தால், தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணுக்குப் பாதி நேரம் கேள்வியைப் படிக்கவே போய்விடும். குறைந்து வந்த மார்க் அறிவையா காட்டுகிறது, வாசிப்பு வேகத்தையா? வேலைக்கே வேகமான ஆங்கிலம் வேண்டுமென்றால் அது வேறு விஷயம்.

ஆளுமை டெஸ்டுக்கு வந்தால் பாஸ், ஃபெயில் என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) என்றாலே கலகலப்பு 90-க்கு மேல் வேண்டும் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், போனில் விற்பவர்களில் அதிகம் விற்றது ரொம்பக் கலகலப்பானவர்கள் இல்லை, நடுவில் இருந்தவர்கள். அப்புறம், "நான் எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்" என்பதற்கு வேலை தேடி வந்தவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? நீங்களாக இருந்தால் எதில் அடிப்பீர்கள்? ஆட்களை நாலெழுத்து வகைகளாகப் பிரிக்கும் எம்.பி.டி.ஐ. என்ற ஆளுமை டெஸ்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை விற்பவர்களே சொல்கிறார்கள்.

மார்க்கையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. வேலைத்திறனோடு அறிவுத்திறன் டெஸ்டுக்கு உள்ள தொடர்பு 0.51 என்று 1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கணக்கிட்டார்கள். 1 என்றால் அச்சு அசல், 0 என்றால் சம்பந்தமே இல்லை. 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு திரும்பக் கணக்குப் போட்டபோது அது 0.31-க்கு இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே முறையில் மார்க் போடும் நேர்காணலுக்கு 0.42. நம் ஊரில் அதற்குத்தான் யாரும் உட்கார்ந்து கேள்வி தயாரிப்பதில்லை. "எந்த ஊருங்க, அப்பா என்ன பண்றாரு" என்பதோடு நேர்காணல் முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருடம் நன்றாக வேலை பார்த்த ஒரு தம்பிக்குப் பதவி உயர்வு தர அவருடைய சூப்பர்வைசர் மறுத்தார். கேட்டால், "டென்ஷன் பார்ட்டின்னு ரிப்போர்ட்லயே இருக்குதுங்களே" என்றார். ஆள் எடுத்த அன்றைய தாள் அது, பர்சனல் ஃபைலிலேயே கிடந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஆளை எடுத்த கையோடு அந்தத் தாளைப் பிரித்தெடுத்து என் மேசை டிராயரில் பூட்டி வைத்துவிடுகிறேன்.